வட்டத்துக்குள் ஒரு வீடு

அத்தியாயம் பதினொன்று

சின்னவளைத் திட்டி எழுதியிருக்கும் வாசகர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவள் செய்தது தப்புதான், இல்லையென்று நானும் சொல்லவில்லை. ஆனால் எதற்காகச் செய்தாள் என்று கேட்காமலே ஒருத்தியைக் கரித்துக் கொட்டினால் எப்படி?

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அப்பா வைத்துவிட்டுப் போன ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடையை அண்ணனும் தம்பியும் எட்டு மாதத்துக்கு முன்னால் பிரித்துக்கொண்டார்கள். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், ஸ்டேஷனைச் சுற்றியுள்ள வீடுகள் எல்லாம் அண்ணனுக்கு. இந்தப் பக்கம் தம்பிக்கு. ஒருவர் பக்கத்துக்கு மற்றவர் வேலைக்குப் போகக் கூடாது. எழுத்து எதுவும் கிடையாது, வாய்வார்த்தைதான்.

அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பிரிவினை பேசி முடித்து எல்லாரும் எழுந்திருக்கப் போகிற நேரத்தில், தம்பி மனைவியான நம் சின்னவள், அண்ணன் மனைவியைப் பார்த்து, "கடையைப் பத்தி உங்களுக்கு என்னக்கா தெரியும்?" என்று கேட்டுவிட்டாள். பதினோரு வருஷம் அந்தக் கடைக்கு வந்த ஃபோனையெல்லாம் எடுத்துப் பேசினவள் அந்த அக்கா. எழுந்து உள்ளே போனாள். அன்றிலிருந்து அவள் கடை ஃபோனைத் தொடவில்லை, இரண்டு வீட்டுக்கும் பேச்சும் இல்லை.

இப்போது தம்பி கடையில் ஃபோன் எடுப்பது சின்னவள்தான். எடுக்க ஆரம்பித்து ஒரு வாரத்திலேயே அக்கா என்ன வேலை செய்தாள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பாதி ரிப்பேரை ஃபோனிலேயே கண்டுபிடிக்க வேண்டும். கத்துகிறவரை அடக்க வேண்டும். அழுகிறவரைத் தேற்ற வேண்டும். எந்தத் தெரு, எந்த மாடி, ஃப்ரிட்ஜுக்கு எத்தனை வயசு என்று கேட்டு, ஆளைச் சரியான சாமானோடு அனுப்ப வேண்டும். அக்கா இதையெல்லாம் ஒரு கையால் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே செய்தாள்.

இனி விளம்பர விஷயம். முன்பெல்லாம் ஃப்ரிட்ஜ் கெட்டால் பக்கத்து வீட்டில் கேட்பார்கள். இப்போது ஃப்ரிட்ஜுக்கு முன்னாலேயே நின்றுகொண்டு, கதவைக்கூட மூடாமல், ஃபோனில் தேடுகிறார்கள். எது மேலே வருகிறதோ அதைத் தொட்டுக் கூப்பிடுகிறார்கள். இதைக் கவனித்த சின்னவள் ஒன்றரை மாதத்துக்கு முன்னால் தானே உட்கார்ந்து ஒரு விளம்பரம் போட்டாள்.

எவ்வளவு தூரத்தில் இருப்பவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று ஃபோன் கேட்டது. வரைபடத்தில் கடையைச் சுற்றி ஒரு நீல வட்டம் வந்தது. ரயில் பாதையோடு நிறுத்தியிருக்கலாம். அவள் விரலால் இழுத்தாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இழுத்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் அக்கா வீடு உள்ளே வந்த பிறகுதான் விரலை எடுத்தாள்.

விளம்பரத்தில் போட்ட வரியும் அக்காவுடையதே. கஸ்டமர் பதறும்போதெல்லாம் அக்கா சொல்வாள்: "ஃபோனை வைங்க, ஆள் கிளம்பியாச்சு!" அதையே போட்டாள். நான் பேசினது தப்பு, நீங்கள் செய்ததுதான் வேலை என்று நேரில் போய்ச் சொல்லத் தைரியம் இல்லாதவள், விளம்பரம் போட்டுச் சொல்லப் பார்த்தாள். அசட்டுத்தனம்தான். 'வேலைக்குத்தானே கேட்டைத் தாண்டக் கூடாது, பார்க்கிறதுக்குமா எல்லை?' என்று தனக்குத்தானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டாள். கணவனிடம் மட்டும் வட்டத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

பார்க்கிறவர்கள் கூப்பிடவும் செய்வார்கள் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை. மூன்றாம் நாளே கேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஃபோன் வந்தது. சின்னவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "உங்க பக்கத்துக்கு இன்னொருத்தர் வருவாருங்க" என்று சொல்லி அண்ணன் நம்பரைக் கொடுத்துவிட்டாள். அப்படி இதுவரை ஒன்பது பேர்.

சரி, இன்றைக்கு வருவோம்.

காலையில் கடையைத் திறந்ததும் சின்னவள் ஃபோனைத்தான் பார்த்தாள். நேற்று விளம்பரத்தை நூற்றுப் பத்தொன்பது பேர் பார்த்திருந்தார்கள். ஆறு பேர் கூப்பிட்டிருந்தார்கள். இதையெல்லாம் பிசகாமல் சொல்கிற ஃபோன், அந்த நூற்றுப் பத்தொன்பதில் அக்கா உண்டா என்பதை மட்டும் சொல்லாது. அவளுக்கு வேண்டியதோ அது ஒன்றுதான்.

பத்து மணிக்கு ஃபோன் அடித்தது.

"ஹலோ, ஃப்ரிட்ஜ் ரிப்பேர்தானே? நான் கால்நடை டாக்டர் பேசறேன். தடுப்பூசி மருந்தெல்லாம் உள்ள இருக்கு, ஃப்ரிட்ஜ் கூலே ஆகல."

"லைட் எரியுதா டாக்டர்?"

"எரியுது."

"பின்னாடி டிக் டிக்குனு சத்தம் வருதா?"

"ஆமாம்மா! அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை வருது. வரும்போதெல்லாம் இங்க ஒரு நாய் குரைக்குது. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

சின்னவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. "எங்க இருக்கீங்க?"

"ஸ்டேஷனுக்கு எதிர்த் தெரு."

பெருமை பொசுக்கென்று போய்விட்டது. வழக்கம்போல அண்ணன் நம்பரைக் கொடுத்தாள். ஐந்து நிமிஷத்தில் டாக்டர் திரும்பக் கூப்பிட்டார்.

"நாலு தடவை போட்டுட்டேன், அவரு யார்கிட்டயோ பேசிக்கிட்டே இருக்காரு. மருந்தை ஐஸ் பெட்டியில வச்சிருக்கேன், மதியம் வரைக்கும்கூடத் தாங்காது. நாளைக்கு நூறு நாய்க்கு ஊசி போடறதா சொல்லியிருக்கேன். நீங்களே வந்துடுங்கம்மா, புண்ணியமாப் போகும்."

பின்னால் வயர் சுற்றிக்கொண்டிருந்த தம்பி தலையைத் தூக்கினான். "யாரு?"

"நாய் டாக்டர். ஃப்ரிட்ஜ் ஓடலையாம். மோட்டாரைக் கிளப்பற ரிலே போயிருக்கும்னு நினைக்கறேன்."

"எந்த இடம்?"

"ஸ்டேஷன் பக்கம்."

தம்பி வயரைக் கீழே வைத்தான். "அது அண்ணன் பக்கம்."

"தெரியும்ங்க. அவரு ஃபோன் கிடைக்கலையாம். மருந்து கெட்டுப் போயிடுமாம்."

அவன் பையை எடுத்தான். "போய்ப் பாத்துட்டு வரேன். பில்லு போட மாட்டேன். அண்ணன் பக்கத்துல போய் சம்பாதிச்சேன்னு இருக்கக் கூடாது." வாசல் வரைக்கும் போனவன் திரும்பினான். "ஆமா, அவங்களுக்கு நம்ம நம்பர் எப்படிக் கிடைச்சுது?"

"ஃபோன்ல தேடினாங்களாம்."

"தேடினா நம்ம கடை கேட்டைத் தாண்டியும் வருமா?"

சின்னவள் மேஜையைத் துடைத்தாள். ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேஜைதான். "வரும்போல இருக்கு" என்றாள்.

அரை மணி கழித்து அவனே ஃபோன் செய்தான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. "ஒரு ரிலே எடுத்துட்டு வா."

"பையில ரெண்டு வச்சிருந்தீங்களே?"

"எடுத்துட்டு வான்னா வாயேன்!"

என்னவோ ஏதோ என்று கடையை இழுத்து மூடிவிட்டு, பஸ் பிடித்து ஓடினாள்.

ஆஸ்பத்திரி என்பது இரண்டே அறை. முன் அறையில் எடை பார்க்கும் மெஷின்மேல் ஒரு பூனை படுத்திருந்தது, இறங்குவதாக இல்லை. கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டிய நாய் ஒன்று நாற்காலிக் காலில் கட்டியிருந்தது. பின் அறையில், சுவருக்கும் இரும்பு அலமாரிக்கும் நடுவில் ஃப்ரிட்ஜ். அதற்கு இந்தப் பக்கம் தம்பி. அந்தப் பக்கம் அண்ணன்.

இன்றைக்கு எல்லாம் வெளியே வந்துவிடும் என்று சின்னவளுக்குத் தெரிந்துவிட்டது.

நடந்தது இதுதான். டாக்டர் ஃபோனில் தேடிக்கொண்டிருந்த அதே நேரத்தில், அங்கே பல வருஷமாக இருக்கும் கம்பவுண்டர் தனக்குத் தெரிந்த அண்ணனைக் கூப்பிட்டுவிட்டார். கம்பவுண்டர் எதையும் பிறந்த கதையிலிருந்து சொல்கிறவர். டாக்டர் நாலு தடவை போட்டும் அண்ணன் ஃபோன் கிடைக்காததற்கு அவர்தான் காரணம்.

"நல்ல வேளை, நீங்களாவது வந்தீங்க" என்றார் டாக்டர். நாற்பது வயதிருக்கும், ஊருக்கு வந்து மூன்று மாதம்தான். "இவங்க ரெண்டு பேரும் இருபது நிமிஷமா ஃப்ரிட்ஜைத் தொடாம நிக்கறாங்கம்மா."

"முதல்ல வந்தவரு அவரு. அவரே பாக்கட்டும் டாக்டர்" என்றார் அண்ணன், சுவரைப் பார்த்தபடி.

"இது அவரோட பக்கம். அவருதான் பாக்கணும்" என்றான் தம்பி, கம்பவுண்டரைப் பார்த்து.

"யாராவது ஒருத்தர் பாருங்களேன்! நாய்க்கே பொறுமை போயிடுச்சு."

உள்ளே டிக் என்றது. முன் அறையில் நாய் குரைத்தது.

சின்னவள் ரிலேயை நீட்டினாள். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் ஃப்ரிட்ஜ் தலைமேல் வைத்தாள். "மாமா, மருந்து கெட்டுடும்" என்றாள். எட்டு மாதத்தில் அவரிடம் பேசிய முதல் வார்த்தை.

அண்ணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். தம்பியும் மடித்துக்கொண்டான். அந்த இடுக்கிலிருந்து ஃப்ரிட்ஜை ஒருவரால் எடுக்க முடியாது. அண்ணன் "ம்" என்றார். தம்பி அதே நொடியில் தூக்கினான். எங்கே பிடிக்க வேண்டும், எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்று ஒரு பேச்சில்லை. ஃப்ரிட்ஜ் சத்தமில்லாமல் நகர்ந்து அறை நடுவில் வந்து நின்றது.

அதன் முதுகில் அப்பா காலத்துக் கடையின் ஸ்டிக்கர் இருந்தது. நம்பரோடு, மூலை கிழியாமல்.

டாக்டர் குனிந்து பார்த்தார். "உங்க நம்பரா? இதைப் பின்னாடியா ஒட்டுவாங்க? சுவத்துக்குப் படிக்கத் தெரியுமா?"

கம்பவுண்டர் சிரித்துவிட்டார். தம்பிக்கும் உதட்டோரம் துடித்தது. அண்ணன் மட்டும் விறைப்பாக, "முன்னாடி ஒட்டினா அழகு கெட்டுடும்னு எங்கப்பா சொல்வாரு" என்றார்.

தம்பி கீழே உட்கார்ந்து பழைய ரிலேயைக் கழற்றி, காதருகே வைத்து ஆட்டினான். உள்ளே கலகலவென்றது. அண்ணனிடம் நீட்டினான். அவரும் ஆட்டிப் பார்த்துத் தலையசைத்தார். புதியதைப் போட்டு ஸ்விட்சைத் தட்டியதும் மெஷின் ஒரு முறை நடுங்கி, ஓட ஆரம்பித்தது. அண்ணன், தம்பி, சின்னவள் மூன்று பேரும் அப்படியே நின்று கேட்டார்கள். நின்று நிதானமாக ஓடியது. நாய் குரைக்கவில்லை.

டாக்டருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "ஃபோன்ல தேடினதும் இவரு கடைதான் முதல்ல வந்துச்சு. இவ்வளவு பக்கத்துல ரெண்டு பேர் இருக்கீங்கன்னு தெரியாமப் போச்சே!" என்றார்.

அண்ணன் பையை மூடினார். "பில்லு வேண்டாம்" என்று தம்பி சொன்னதையும் கேட்டுக்கொண்டு வெளியே போனார். தம்பியும் சின்னவளும் பின்னாலேயே வந்தார்கள். வண்டி நிறுத்தியிருந்த இடத்தில் அவர் திரும்பினார்.

"டேய், ஒண்ணு கேக்கறேன், ஒழுங்காப் பதில் சொல்லு."

"கேளுண்ணே."

"ஒன்றரை மாசமா மண்டையைப் பிச்சுக்கிட்டு இருக்கேன். என் வீட்டுல உக்காந்து ஃபோனைத் தொட்டா உன் கடை விளம்பரம் வந்து நிக்குது. சரி, பேச்சை மீறிட்டான், நம்ம பக்கத்தை முழுங்க வந்துட்டான்னு நினைச்சேன். அடுத்த நாளே ஒரு ஆள் எனக்கு ஃபோன் பண்றாரு, உன் கடையில என் நம்பர் குடுத்தாங்கன்னு. ஒன்பது பேருடா! நீ சண்டை போடறியா, சமாதானம் பேசறியா? ஏதாவது ஒண்ணைப் பண்ணேன். நானும் அதுக்கேத்த மாதிரி முகத்தை வச்சுக்கணும் இல்ல?"

தம்பி திருதிருவென்று முழித்தான். "நான் யாரையும் அனுப்பலையேண்ணே."

"அப்ப யாரு?"

இருவரும் ஒரே நேரத்தில் சின்னவளைப் பார்த்தார்கள்.

சின்னவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். பொய் சொல்லித் தப்பிக்கலாம். ஃபோன் தானாகவே காட்டுகிறது என்றால் இவர்கள் இரண்டு பேருக்கும் அது தெரியவா போகிறது? ஆனால் அக்கா விஷயத்தில் இன்னொரு பொய்யைச் சுமக்க அவளால் முடியவில்லை.

"நான்தான் மாமா" என்றாள். "விளம்பரம் எதுவரைக்கும் தெரியணும்னு கேட்டுச்சு. நான்தான் இழுத்தேன். உங்க வீடு உள்ள வர்ற வரைக்கும் இழுத்தேன்."

"எதுக்கு?"

"அக்கா பாக்கணும்னு." அதற்குமேல் அடக்க முடியாமல் தெருவிலேயே அழுதுவிட்டாள். "அன்னிக்குப் பேசினது தப்புன்னு எனக்குத் தெரியும். நேர்ல வர பயம். அவங்க சொல்ற வரியையே போட்டா, பாத்துட்டுப் புரிஞ்சுக்குவாங்கன்னு நினைச்சேன். வேலைக்கு ஆள் கூப்பிடுவாங்கன்னு சத்தியமாத் தோணல. கூப்பிட்டவங்களையெல்லாம் உங்களுக்கே அனுப்பிட்டேன். இவருக்கு எதுவும் தெரியாது."

அண்ணன் வண்டி சீட்டைத் துடைத்துக்கொண்டே நின்றார். கோபமாகத்தான் இருக்கிறார் என்று சின்னவள் நினைத்தாள். அவர் பேசினபோது குரலில் கோபம் இல்லை.

"பாத்தாம்மா. தெனமும் பாக்கறா. காலைல எழுந்ததும் முதல்ல அதைத்தான் பாக்கறா."

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஆனா நீ நினைச்ச மாதிரி இல்ல" என்றார் அவர். "அந்த வரியைப் பாத்த அன்னிக்கு, 'இருந்த வேலையைப் புடுங்கினாங்க, இப்ப வாயில இருந்த வார்த்தையையும் எடுத்துக்கிட்டாங்க'ன்னு அழுதா. ரெண்டு நாள் சரியாச் சாப்பிடல."

சின்னவளுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது. மன்னிப்புக் கேட்கிறோம் என்று நினைத்து ஒன்றரை மாதமாகத் தினமும் காலையில் அக்காவை நோகவைத்திருக்கிறாள். நூற்றுப் பத்தொன்பது பேர் பார்த்தார்கள் என்று பூரித்துப்போனாளே, அதை நினைத்து வெட்கமாக இருந்தது.

ஃபோனை எடுத்தாள். "இப்பவே சுருக்கிடறேன் மாமா. பேச்சு பேச்சுதான்."

நீல வட்டம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போனது. தண்ணீர்த் தொட்டி வெளியே போனது. ஸ்டேஷன் போனது. ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் வந்து நின்றது. அண்ணன் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே எங்க வீட்டுல தெரியாதா?"

"தெரியாது மாமா."

அவர் தாடையைத் தடவிக்கொண்டார். "நாளைக்குக் காலைல தேடுவாளே. காணோம்னா அதுக்கு வேற அழுவாளே. நான் என்னம்மா சொல்லட்டும்?"

தம்பி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு இன்னும் பாதிதான் புரிந்திருந்தது.

சின்னவள் ஃபோனைப் பைக்குள் போட்டு மூடினாள். "நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் வந்து சொல்றேன். இப்பவே வரேன்."

"அவ என்ன சொல்லுவாளோ."

"என்ன சொன்னாலும் நின்னு கேட்டுக்கறேன் மாமா."

அண்ணன் வண்டியைக் கிளப்பினார். தம்பியும் சின்னவளும் தங்கள் வண்டியில் அவர் பின்னால் போனார்கள்.

இரண்டு திருப்பம்தான். வீட்டு வாசலில் அண்ணன் சட்டைப் பையில் கைவிட்டுச் சாவியை எடுத்தார். என்ன நினைத்தாரோ, திரும்ப உள்ளேயே போட்டுவிட்டு, சின்னவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். தம்பி இன்னும் கீழே, வண்டியருகில் நின்று அதன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தான். சரியாகத்தான் இருந்தது கண்ணாடி.

சின்னவள் மணியை அழுத்தினாள்.

"யாரு?"

எட்டு மாதத்துக்குப் பிறகு கேட்கிற குரல்.

"நான்தான்க்கா. உங்ககிட்ட மன்னிப்புக் கேக்க வந்திருக்கேன்."

உள்ளே காலடிச் சத்தம் கதவு வரைக்கும் வந்தது. தாழ்ப்பாளில் கை பட்டது. ஆனால் கதவு திறக்கவில்லை. உள்ளிருந்தபடியே அக்கா பேசினாள், நிதானமாக, சத்தம் போடாமல்.

"சொன்னவ வந்துட்டே. அன்னிக்குப் பக்கத்துலயே உக்காந்து அதைக் கேட்டுக்கிட்டு, வாயைத் திறக்காம இருந்தானே, அவன் எங்க?"

கண்ணாடியின் மேலிருந்த தம்பியின் கை அப்படியே நின்றது. அண்ணன் அவனைப் பார்க்கவில்லை. சின்னவள்தான் திரும்பிப் பார்த்தாள்.

தம்பி வண்டியை விட்டுவிட்டு வந்து, முதல் படியில் கால் வைத்தான்.